வறுமையும் மழலையர் எழுத்தறிவும்

ஏழைக் குழந்தை படிப்பில் பின்தங்குவது பள்ளியில் தொடங்குவதல்ல. எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்வளம் வேண்டும், ஒலிகளைப் பிரித்தறியும் காது வேண்டும், ஒன்றில் மனம் நிற்கும் பழக்கமும் வேண்டும். இவை பெரும்பாலும் முதல் ஐந்தாண்டுகளில் அமைகின்றன. சத்துக்குறை, இரத்தசோகை, ஓயாத வயிற்றுப்போக்கு, பெற்றோருக்கு ஒழிவே தராத கூலிவேலை என்று வறுமை குறுக்கிடுவதும் அப்போதுதான். வயிற்றை நிரப்பினால் அறிவு தானே வளரும் என்பது வழக்கமான விடை. அது பாதி விடைதான். ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1986–87இல், வயதுக்கேற்ற உயரமில்லாத 129 குழந்தைகளை சாலி கிரந்தம்-மெக்ரெகர் குழுவினர் நான்கு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்குச் சத்துணவு கிடைத்தது. இன்னொரு பிரிவில், வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே வந்து, பிள்ளையோடு பேசி விளையாடத் தாயைப் பழக்கினார். மூன்றாவதற்கு இரண்டும் கிடைத்தன; நான்காவதற்கு எதுவும் இல்லை. இரண்டாண்டு முடிவில், இரண்டையும் பெற்றவர்களே அதிகம் தேறினர். ஆகவே உணவு வீண் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. ஆனால் 20 ஆண்டுகளுக்குப் பின், பேச்சும் விளையாட்டும் பெற்றிருந்தவர்கள் பெறாதவர்களைவிட 25 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதித்தார்கள். உணவு மட்டும் பெற்றவர்களிடம் அத்தகைய நீடித்த பயன் தென்படவில்லை.

அப்படியானால் குறை பெற்றோரிடம்தானே என்று கேட்கலாம். அமெரிக்காவில் ஹார்ட், ரிஸ்லி இருவரும் 1995இல் வெளியிட்ட ஆய்வு இந்த எண்ணத்துக்குத் துணைபோனது: ஏழைப் பிள்ளை நான்கு வயதுக்குள் வசதியான வீட்டுப் பிள்ளையைவிட மூன்று கோடிச் சொற்கள் குறைவாகக் கேட்கிறதாம். ஆய்ந்த 42 குடும்பங்களில் அரசு உதவித்தொகையில் வாழ்ந்தவை ஆறே ஆறு. அவ்வளவு பெரிய தொகைக்கு அது மிகச் சிறிய அடித்தளம். பாட்டி, அண்ணன், அக்கம்பக்கத்தார் பேச்சையும் சேர்த்து எண்ணிய பின்னாளைய ஆய்வில் அந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கியது. தவிரவும், கிங்ஸ்டனில் பலன் தந்தவர்கள் அதே ஏழைத் தாய்மார்கள்தான். அவர்களிடம் இல்லாதது அக்கறை அல்ல, ஓய்வும் வழிகாட்டுதலும்.

129 பிள்ளைகளுக்குச் செய்ததை ஓர் அரசு செய்ய முடியுமா என்பது கனமான கேள்வி. தமிழ்நாட்டில் ஆய்வுக்கு எடுத்த 320 அங்கன்வாடிகளில் பாதியில், கற்பிப்பதற்கென்றே பகுதிநேரப் பணியாளர் ஒருவர் கூடுதலாக அமர்த்தப்பட்டார். சமையலுக்கும் பதிவேடுகளுக்கும் இடையே திணறிய மையங்களில் கற்பிக்கும் நேரம் இரட்டித்தது. பதினெட்டே மாதங்களில், கூடுதல் ஆள் இல்லாத மையங்களின் பிள்ளைகளைவிட இவர்கள் கணக்கிலும் மொழியிலும் முந்தியிருந்தார்கள். வளர்ச்சிக் குன்றலும் இவர்களிடம் குறைவாகவே இருந்தது.