ஹுமாயூன் கல்லறையும் வளர்ந்த திருப்பணியும்

பழைய மோட்டார் வண்டியைச் செப்பனிடப் புகுவோர் வண்ணம் பூசுவதோடு வேலை முடியுமென எண்ணுவர். கதவைக் கழற்றியதும் உள்ளிருக்கும் துரு தோன்றும். டில்லிவாழ் தமிழராகிய நாம் விடுமுறைதோறும் கண்டு மகிழும் ஹுமாயூன் கல்லறையின் அண்மை வரலாறும் அத்தகையதே.

1997-இல் ஆகாகான் அறக்கட்டளையினர் மேற்கொண்டது தோட்டத்தைச் சீராக்கி, வறண்ட கால்வாய்களில் நீரோடச் செய்யும் பணி மட்டுமே. அது 2003-இல் நிறைவுற்றது. 2007-இல் கல்லறை மாளிகையும், சுந்தர் நர்சரியும், நிஜாமுதீன் குடியிருப்பும் திட்டத்துள் புகுந்தன. மாளிகையின் மேல்தளத்திலிருந்து அகற்றிய கான்கிரீட் மட்டும் ஏறத்தாழ 10 லட்சம் கிலோ! ஒழுக்கை அடைக்க இருபதாம் நூற்றாண்டில் அடுக்கடுக்காய் இட்ட சுமை அது. முந்திய பழுதுபார்ப்பே பழுதாகி நின்றது.

2008-ஆம் ஆண்டு மழையில் நிஜாமுதீன் படிக்கிணற்றின் சுவர் சரிந்தது. அதைச் சீர்செய்யுமுன், அச்சுவரின்மேல் வாழ்ந்த 18 குடும்பங்களுக்கு வேறு வீடு தர வேண்டியதாயிற்று.