புழுங்கலரிசியிலிருந்து எடைக்குறைப்பு ஊசி வரை: தோட்டத்து உடம்பின் வரலாறு

தென்னிந்தியத் தொழிலாளர் குடியேற்றம் என்ற தலைப்பை நாம் வழக்கமாகக் கங்காணி, கூலி, ரப்பர், தேயிலை என்று எழுதி முடித்துவிடுவோம். அந்தத் தொழிலாளி என்ன சாப்பிட்டார், அவர் உடம்பு என்ன ஆனது என்பதைப் பாடநூல் அதிகம் பேசுவதில்லை. 'உடம்பு குறைக்கிற ஊசி' பற்றி வீட்டிலும் ஆசிரியர் அறையிலும் பேச்சு அடிபடும் இந்த நேரத்தில் அதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

கேமரன் மலைக்குப் பெயர் வந்தது, 1885ல் அங்கே நில அளவைக்குப் போன வில்லியம் கேமரனால். 1929ல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933ல் பாரத் தோட்டம் வந்தது. சரிவுகளில் கூடை சுமந்து கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அங்கே தராசு என்றால் அது கொழுந்து நிறுக்கிற தராசுதான். ஆளை நிறுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றியதில்லை. ஏற்ற இறக்கத்தில் நாள் முழுக்க நடக்கிற உடம்பில் கொழுப்பு எங்கே தங்கும்?

அதற்கு முன்பே மலாயாவில் சாப்பாட்டைப் பற்றி ஒரு பெரிய விசாரணை நடந்து முடிந்திருந்தது. ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் பெரிபெரி நோயால் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். கால் மரத்துப்போகும், உடம்பு வீங்கும், இதயம் நின்றுவிடும். பக்கத்திலேயே வேலை செய்த தமிழர்களுக்கு அது ஏன் அவ்வளவாக வரவில்லை? நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் அரிசியைச் சந்தேகப்பட்டார். சீனர்கள் தீட்டிய பச்சரிசி சாப்பிட்டார்கள், தமிழர்கள் புழுங்கலரிசி சாப்பிட்டார்கள். 1905ல் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் வில்லியம் ஃபிளெச்சர் நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குத் தீட்டிய அரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். தீட்டிய அரிசி சாப்பிட்ட பிரிவில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கலரிசிப் பிரிவில் அந்த நோயால் ஒரு சாவும் இல்லை. (அந்த நோயாளிகளின் சம்மதத்தை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வகுப்பில் இதையும் ஒரு விவாதமாக வைக்கலாம்.) நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின், அதாவது வைட்டமின் பி1, அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்ற விளக்கம் பிற்பாடுதான் கிடைத்தது. நம் பாட்டிமார் காரணம் தெரியாமலே சரியாகச் சாப்பிட்டார்கள். தயமினை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இது மறுபடியும் வரும்.

ஜப்பானியர் ஆட்சியில் அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு, பட்டினியிலும் காலராவிலும் மாண்டார்கள்.

அந்தப் பசியின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று வேறு பிரச்சினை. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடற்பருமன் உள்ளவர்கள். 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இன வாரியாகப் பார்த்தால் நீரிழிவில் முன்னால் நிற்பது இந்தியர்கள். தெற்காசிய உடம்பில் தசை குறைவு, வயிற்றுக் கொழுப்பு அதிகம். அதனால்தான் நம் நாட்டு மருத்துவ வழிகாட்டி உடல் நிறை குறியீடு 23ஐத் தாண்டினாலே அதிக எடை என்கிறது. மலையிலும் காலம் மாறிவிட்டது. பல சரிவுகளில் இயந்திரம் கொழுந்து வெட்டுகிறது, வெட்டுபவர்களில் பலர் வங்காளதேசம், நேப்பாளத்திலிருந்து வந்தவர்கள். பிரிஞ்சாங்கிலும் ரிங்லெட்டிலும் நம்மவர் பலருக்குக் கடை, வேன், மேசை வேலை. தேநீரில் கெட்டிப்பால் மட்டும் குறையவில்லை.

எடைக்குறைப்பு மருந்தின் வரலாறும் கொஞ்சம் பயமுறுத்தும். முதல் உலகப்போரில் பிரான்சு வெடிமருந்துத் தொழிலாளர்கள் ஒரு இரசாயனத்தால் மெலிந்தார்கள். டைநைட்ரோஃபீனால் என்ற அதே பொருளை 1933ல் அமெரிக்காவில் மெலிய வைக்கும் மருந்தாக்கினார்கள். கண்புரையும் சாவும் வந்து 1938ல் அது ஒழிந்தது. 1997ல் ஃபென்ஃபென் இதய வால்வைக் கெடுத்ததால் அதிலிருந்த ஃபென்ஃபுளூரமின் விலக்கப்பட்டது. 2010ல் சிபுட்ரமின் மாரடைப்பு அபாயத்தால் விலக்கப்பட்டது. ஆனால் அது ஒழிந்தபாடில்லை. 'ஸ்லிம்மிங் காபி' பொட்டலங்களில் அதைக் கலந்து விற்பதை நம் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்து வருகிறது. மெலிய வைக்கும் 'டீ' பலவற்றில் இருப்பது நம் திருநெல்வேலிச் சீமையின் நிலாவாரை இலை. அது பேதிமருந்து. போவது தண்ணீர்தான், கொழுப்பு இல்லை.

செமாக்ளூடைடு வகை ஊசிகள் இந்த வரிசையில் சேராது என்பது என் எண்ணம். இவை குடலில் சுரக்கும் ஒரு ஹார்மோனைப் போலச் செயல்பட்டுப் பசியைக் குறைக்கின்றன, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. 2023ல் வெளியான ஆய்வில், இதயநோயும் அதிக எடையும் உள்ள 17,604 பேரிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய்ச் சாவு ஆகியவை 20 விழுக்காடு குறைந்தன. 2024ல் நீரிழிவுக்காரர்களின் சிறுநீரகத்தையும் இது காப்பது தெரியவந்தது. டயாலிசிஸ் என்ற சொல் நம் குடும்பங்களில் எவ்வளவு சாதாரணம் என்று உங்களுக்கே தெரியும். அதனால் 'ஊசியே வேண்டாம்' என்று வகுப்பில் சொல்லிவிடாதீர்கள்.

அதற்காக ஆபத்தே இல்லை என்றும் இல்லை. குமட்டல், வாந்தி சாதாரணம். பித்தப்பைக் கல் வரலாம், அரிதாகக் கணைய அழற்சி வரலாம். மிக அரிதாகக் கண் நரம்பு பாதிக்கப்படும் என்று ஐரோப்பிய மருந்து ஆணையம் 2025ல் அறிவித்தது. அறுவை சிகிச்சைக்குப் போகிறவர் ஊசி போடுவதை மருத்துவரிடம் சொல்லியே ஆகணும், ஏன்னா வயிற்றில் தங்கிய உணவு மயக்கத்தில் நுரையீரலுக்குள் போகலாம். இன்சுலின் போடுகிறவருக்குச் சர்க்கரை அளவு திடீரென்று இறங்கலாம். குறைகிற எடையில் கணிசமான பங்கு தசை. ஏற்கெனவே தசை குறைந்த, அறுபதைத் தொடும் ஒரு தோட்டத்து அம்மாவுக்குப் படியேறும் பலம் போனால் அது சின்ன இழப்பா? ஊசியை நிறுத்தினால் ஓராண்டுக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதை ஆய்வில் கண்டிருக்கிறார்கள். அப்படியென்றால் மாதாமாதம் செலவு செய்யக்கூடியவருக்குத்தான் இது.

இப்போது தயமினுக்கு வருவோம். உடம்பில் அதன் சேமிப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் தாங்கும். வாந்தி நிற்காமல், சாப்பாடும் இறங்காமல் வாரக்கணக்கில் ஊசியைத் தொடர்ந்தவர்களில் சிலருக்குத் தயமின் குறைந்து மூளை பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. தடுமாற்றம், கண் இரட்டையாகத் தெரிவது, குழப்பம் இவையெல்லாம் அடையாளம். 1905ல் கோலாலம்பூரில் தேடிய அதே சத்துக் குறைவுதான் இது. இம்முறை அரிசி கிடைக்காததால் இல்லை, சாப்பிட மனம் வராததால். இந்த அறிகுறி தெரிந்தால் அடுத்த ஊசிவரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகணும். மலையில் இருப்பவர்களுக்குத் தானா ராத்தாவிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது.

இன்னொன்று, போலி ஊசி. 2024ல் உலக சுகாதார நிறுவனமே போலி செமாக்ளூடைடு பற்றி எச்சரித்தது. பெட்டியில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். கைப்பேசியில் படம் அனுப்பி விற்கிறவரிடம் அந்த எண்ணைக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.