பெருங்கடல் உணர்வு

பிரெஞ்சு மொழியில் ‘சாந்திமான் ஓசெயானிக்’. எல்லையற்ற ஒன்றோடு தானும் ஒன்றிக் கிடப்பதான உணர்வு. 1927 டிசம்பரில் எழுத்தாளர் ரொமேன் ரோலன், சிக்மண்ட் ஃபிராய்டுக்கு எழுதிய கடிதத்தில் இத்தொடரைக் கையாண்டார். மதத்தை மாயை என்று சாடிய ஃபிராய்டின் நூலைப் படித்துவிட்டு எழுதிய பதில் அது. கோயிலோ வேதமோ இல்லாமலும் இவ்வுணர்வு வரும், மதங்களின் ஊற்றே இதுதான் என்பது ரோலனின் வாதம். ராமகிருஷ்ணரின் வரலாற்றை அவர் எழுதியது இதற்குப் பிறகு. கடலை ஆழம் பார்க்கப் போய்க் கரைந்துபோன உப்புப் பொம்மை ராமகிருஷ்ணருக்குப் பிடித்த உவமை.

1930இல் வெளிவந்த நூலில், தன்னிடம் அப்படியோர் உணர்வே இல்லை என்றார் ஃபிராய்டு. அந்த நேர்மை மதிக்கத்தக்கது.

ரோலன் சொன்னதற்கு வலுவான சான்று ஒரு சிறைச்சுவரில் இருக்கிறது. 1937, ஸ்பெயினின் செவில்யா. மரண நிழலில் அடைபட்டிருந்த எழுத்தாளர் ஆர்தர் கோஸ்லர் அப்போது பொதுவுடைமைக் கட்சிக்காரர். மெத்தையிலிருந்து உருவிய கம்பித் துண்டால் சுவரில் கணிதம் கீறினார். பகா எண்களுக்கு முடிவே இல்லை என்ற யூக்ளிடின் நிரூபணம் அது. எழுதி முடித்ததும் ‘நான்’ என்பதே கரைந்து, பேரமைதி சூழ்ந்ததாகப் பின்னாளில் பதிவுசெய்தார். அந்த அனுபவத்தைக் குறிக்க அவர் எடுத்துக்கொண்டதும் இதே சொல்தான்.