கட்டளையிலிருந்து டிரஸ்ட் வரை: பென்னாகரம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு சொத்துரிமை வரலாறு

முன்னுரை

தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரத்தில் பத்திரம் எழுத வருபவர்களுக்கு உயில், தான செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம் ஆகிய நான்கும் பழகிய சொற்கள். 'டிரஸ்ட்' என்றாலோ கோயிலும் கல்லூரியும்தான் நினைவுக்கு வரும். பிள்ளைகளுக்காகச் சொத்தை டிரஸ்டில் வைப்பது என்ற பேச்சு நகரத்து வசதி படைத்தோரின் பேச்சாகவே இங்கே கேட்கப்படுகிறது. 'அறக்கட்டளை' என்ற தமிழ்ச்சொல்லும் இதற்கு ஒரு காரணம். அச்சொல்லுக்குள் அறம் இருக்கிறது. சொந்தக் குடும்பத்துக்குச் செய்யும் ஏற்பாட்டை அறம் என்று சொல்ல நாக்கு கூசுகிறது. இந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது என்பதை வரலாற்று வழியில் தேடுகிறது இக்கட்டுரை.

சாகாத ஆடும் குருதி நிலமும்

ஒருவர் பொருளை மற்றொருவர் பொறுப்பில் வைத்து அதன் பயனை மூன்றாமவர் பெறச் செய்யும் முறை தமிழகத்துக்குப் புதிதல்ல. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலின் அணையா விளக்கான நந்தா விளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகள் விடப்பட்ட செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. ஆடுகளைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழட்டு ஆடு செத்தால் குட்டியை வைத்து எண்ணிக்கையை நிரப்ப வேண்டும். இதனாலேயே அவை 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. முதல் குறையக்கூடாது, பயன் மட்டுமே செலவாக வேண்டும் என்ற இன்றைய பல டிரஸ்டுகளின் அடிப்படை அந்த மூன்று சொற்களில் அடங்கிவிடுகிறது.

தருமபுரியின் பழம்பெயர் தாங்கிய தகடூர் நாட்டுக்கு இன்னொரு சான்றும் உண்டு. தருமபுரி மாவட்டம் நடுகற்களுக்குப் பெயர் பெற்றது. தொறு (ஆநிரை) மீட்டும் போரிட்டும் இறந்த வீரனின் குடும்பத்துக்கு நிலம் கொடுக்கும் வழக்கத்தை உதிரப்பட்டி, நெய்த்தோர்பட்டி, இரத்தக்காணி போன்ற சொற்கள் காட்டுகின்றன. உழைப்பவனை இழந்த வீட்டுக்குச் செய்த ஏற்பாடு அது. ஆனால் அதைச் செய்தவர் அரசரோ ஊராரோதான். வீட்டுத் தலைவன் தானே முன்கூட்டித் தன் வீட்டுக்குச் செய்துவைக்க வேண்டிய தேவை எழவில்லை. கூட்டுக்குடும்பமே அந்த வேலையைச் செய்தது: பிறந்த மகனுக்குப் பங்கு, கைம்பெண்ணுக்குச் சோறு, இயலாதவனுக்கு ஒரு மூலை.

பட்டாவில் ஏறிய பெயர்

1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பின் தருமபுரியைச் சூழ்ந்த பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கும்பினியார் வசமானது. பென்னாகரமும் அதில் அடங்கியது. கர்னல் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழிருந்த தாமஸ் மன்றோவும் நிலங்களை அளந்து, உழவர் ஒவ்வொருவருடனும் நேரடியாக வரி பேசினார்கள். பின்னாளில் சென்னை மாகாணம் முழுதும் பரவிய ரயத்துவாரி முறைக்கு இங்கேதான் பிள்ளையார் சுழி போடப்பட்டது. குடும்பத்தின் நிலம் அரசுப் பதிவேட்டில் ஒருவர் பெயரில் ஏறத் தொடங்கியது. பட்டா ஒருவருக்கு, உரிமை பலருக்கு என்ற இந்த முடிச்சு இன்றுவரை வழக்குகளாக அவிழ்ந்துகொண்டிருக்கிறது.

உயில் கொண்டுவந்த கேள்வி

இதே காலத்தில் 1794இல் சென்னையின் செல்வந்தரான பச்சையப்ப முதலியார் உயில் எழுதி வைத்து இறந்தார். கோயில் திருப்பணிகளுக்கு அவர் ஒதுக்கிய பணம் நெடுங்கால வழக்கில் சிக்கியது. நீதிமன்றம் தலையிட்டு வகுத்த திட்டத்தின்படி, சேர்ந்திருந்த உபரிப் பணத்திலிருந்து 1842இல் பச்சையப்பன் கல்வி நிறுவனம் பிறந்தது. எழுத்து தெளிவாக இருந்தும், பொறுப்பேற்றவரைக் கணக்குக் கேட்க ஆள் இல்லாவிட்டால் அறம் முடங்கும் என்பதற்கு அந்த வழக்கு சான்று.

குடும்ப டிரஸ்டின் எல்லையை வகுத்தது ஒரு கல்கத்தா வழக்கு. மதம் மாறிய மகனை விலக்கிவிட்டு, சொத்தைத் தலைமுறை தலைமுறையாக ஆண்வழியில் செல்லுமாறு உயில் எழுதினார் அந்நகரச் செல்வந்தர் பிரசன்ன குமார் தாகூர். இந்துக்களும் டிரஸ்ட் அமைக்கலாம் என்று ஒப்புக்கொண்ட, லண்டனிலிருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில், 1872இல் இரண்டு தடைகளையும் விதித்தது: சட்டம் அறியாத புது வாரிசு வரிசையைப் படைக்கக் கூடாது; உயில் எழுதியவர் இறக்கும்போது பிறந்திராதவருக்குச் சொத்து சேராது. இரண்டாவது தடையைச் சென்னை மாகாணம் 1914ஆம் ஆண்டின் முதலாம் சட்டத்தால் தளர்த்தியது.

இடையில் 1882 மார்ச் 1 அன்று இந்திய டிரஸ்ட் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அசையாச் சொத்தில் டிரஸ்ட் அமைக்க வேண்டுமானால் பதிவு செய்த பத்திரமோ உயிலோ வேண்டும் என்றது. நோக்கம், பயனாளி, சொத்து மூன்றும் ஐயமறத் தெரிய வேண்டும். சமய, தரும நிலையங்களுக்கும், பிரிவினையாகாத குடும்பத்தாரின் உள் உறவுகளுக்கும் இச்சட்டம் பொருந்தாது என்று முதல் பிரிவே ஒதுக்கிவைத்தது. பென்னாகரத்துக் குடியானவருக்குத் தெரிந்தவை கோயில் பூசைக்கென முதல் வைக்கும் கட்டளையும் கூட்டுக்குடும்பமும்தான். அவை இரண்டும் சட்டத்துக்கு வெளியே நின்றதால், உள்ளே இருந்தது அவருக்கு அந்நியமாகவே இருந்தது.

வரியும் வாரிசுரிமையும்

விடுதலைக்குப் பின் குடும்ப டிரஸ்டை வளர்த்தது பெரும்பாலும் வரிதான். இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் மீது 1953இல் வந்த எஸ்டேட் வரி செல்வர்களை டிரஸ்ட் பக்கம் தள்ளியது. 1985இல் அவ்வரி நீங்கியது. பயனாளிகளின் பங்கு குறிப்பிடப்படாத டிரஸ்டின் வருமானத்துக்கு 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 164ஆம் பிரிவு உச்ச விகிதத்தில் வரி விதித்தது. சாமையும் கேழ்வரகும் விளையும் மானாவாரி நிலக்காரருக்கு இவற்றோடு தொடர்பு ஏதும் இல்லை.

அவரைத் தொட்டது இந்து வாரிசுரிமைச் சட்டம். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, பூர்விகச் சொத்திலும் தன் பங்கை உயிலால் எழுதிவைக்க வழி தந்தது. 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில், அதுவரை மணமாகாத மகள்களும் பிறப்பாலேயே பங்காளிகள் ஆனார்கள். 2005ஆம் ஆண்டு மத்தியத் திருத்தம் மணமானவர் என்ற வேறுபாட்டையும் நீக்கியது. ஆகவே தந்தை தன் விருப்பப்படி டிரஸ்டில் வைக்கக்கூடியவை சுயார்ஜிதச் சொத்தும், உயில் வழியே பூர்விகச் சொத்தில் தன் பங்கும் மட்டுமே. பூர்விக நிலம் முழுவதையும் வைக்க மகன், மகள் அனைவரின் கையெழுத்தும் வேண்டும்.

இன்று தேவைப்படும் இடம்

குடும்பத்துக்குள் நிலத்தைக் கைமாற்ற தான செட்டில்மெண்ட் எளிது, செலவும் குறைவு. ஆனால் எழுதிக் கொடுத்தபின் பிள்ளை கைவிட்டால் என்ன செய்வது? பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால் 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவின்கீழ் பத்திரத்தை ரத்து செய்ய முடியும். உயிலை உயிருள்ளவரை மாற்றி எழுதலாம். பெரும்பாலான குடும்பங்களுக்கு இவ்விரண்டே போதும்.

போதாத இடம் ஒன்று உண்டு. மனவளர்ச்சி குன்றிய பிள்ளைக்குச் செட்டில்மெண்ட் எழுதினால் அவரால் சொத்தைக் காக்க முடியாது. அண்ணன் பெயரில் எழுதினால் எல்லாம் அண்ணனின் மனத்தைப் பொறுத்தது. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் மாவட்ட அளவிலான குழு வழியாகக் காப்பாளரை நியமிக்கிறது. அவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார். செலவுக்கான முதலைக் காக்க டிரஸ்ட் வேண்டும். சிறு வயதுப் பேரப்பிள்ளைகளை வளர்க்கும் தாத்தா பாட்டிக்கும் இதுவே பொருந்தும். கூட்டுக்குடும்பத்தின் அந்த 'ஒரு மூலை' காலியாகிவிட்டது. பிள்ளைகள் பெங்களூரில் இருக்கிறார்கள்.

முடிவுரை

பென்னாகரம் வட்டாரத்துப் பாப்பாரப்பட்டியில் பாரத மாதா கோயில் கட்ட விரும்பினார் விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா. 1923இல் வங்கத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். 1925இல் சிவா மறைந்தார். நினைவாலயம் எழ ஏறத்தாழ நூறாண்டு ஆயிற்று. விருப்பம் எவ்வளவு பெரிதானாலும், அதை ஏந்திச் செல்ல ஆளும் முதலும் வேண்டும்.

டிரஸ்ட் எல்லா வீட்டுக்கும் தேவையில்லை. தானே நிற்க இயலாத ஒருவர் இருக்கும் வீட்டுக்குத் தேவை. அப்படி அமைப்பவர்கள் பொறுப்பாளர்கள் இருவரையாவது நியமித்து, ஆண்டுதோறும் கணக்கு யாருக்குக் காட்டப்பட வேண்டும் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். ஆடு சாகாமல் பார்த்துக்கொள்பவர் யார் என்பதை நம் முன்னோர் கல்லிலேயே வெட்டிவைத்தார்கள். நாம் பத்திரத்திலாவது எழுதுவோம்.