சாற்றுகவி முதல் ‘படித்திருக்கிறீர்களா?’ வரை: நூல் பரிந்துரையின் இடமாற்றம்

ஒரு நூலைப் படிக்கச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? தமிழிலக்கண மரபு இதற்கு வரையறை செய்து வைத்திருக்கிறது. நூலின் முகப்பில் அதை அறிமுகம் செய்யும் சிறப்புப்பாயிரம் பாடத் தக்கவர் நால்வர் என்கிறது பவணந்தியாரின் நன்னூல்: நூலாசிரியரின் ஆசான், உடன் கற்றவர், மாணாக்கர், தகுதியுள்ள உரைகாரர். தன்னைத் தானே புகழ்தல் ஆசிரியருக்குத் தகாது. அதனால் பிறர் வாய் வேண்டியிருந்தது. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனாரை உடன் கற்றவர் என்றே மரபு கூறும். நால்வரில் மூவர் ஆசிரியரோடு நேர் உறவுடையவர்கள். வாசகருக்குப் பாயிரத்தில் கிடைத்த இடம் ‘கேட்போர்’ என்னும் ஓர் உறுப்பு மட்டுமே.

19ஆம் நூற்றாண்டு அச்சு நூல்களில் இம்மரபு நூலைப் புகழும் சாற்றுகவிகளாகப் பெருகியது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் (1815–1876) பாடல் வாங்கி நூலின் முகப்பில் சேர்ப்பது பெருமையாக இருந்தது. எல்லா நூலும் ஒப்பற்றது என்று பாடப்பட்டால் எதை எடுத்துப் படிப்பது என்ற சங்கடமும் கூடவே வந்திருக்க வேண்டும்.

திருப்பம், என் கணிப்பில், 1880 அக்டோபர் 21 அன்று நிகழ்ந்தது. கும்பகோணத்துக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை, அங்கே கல்லூரித் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர் பார்க்கப் போனார். வயது 25. தாம் பாடம் கேட்ட அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று அடுக்கினார். முதலியார் அசரவில்லை, இவற்றால் என்ன பயன் என்றார். சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை. பிறகு சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதியையும் அவரே கொடுத்தார்.

முதலியார் நன்னூல் சொன்ன நால்வரில் எவருமில்லை. படித்து மகிழ்ந்தவர், அவ்வளவே. அவர் பரிந்துரை பாராட்டாக வராமல் கேள்வியாக வந்ததைக் கவனிக்க வேண்டும். கேட்டவர் வெட்கினார், படிக்க உட்கார்ந்தார். பொருள் விளங்காத இடங்களுக்கு விடை தேடி அதே ஊரின் சமண இல்லங்களுக்குப் போனார். அங்கே சிந்தாமணி வழிபாட்டு நூலாகவே வாசிக்கப்பட்டு வந்தது. சில தெரு தள்ளி உயிரோடிருந்த காப்பியம் சைவப் புலமை உலகின் பாடத்திட்டத்தில் இல்லை! நச்சினார்க்கினியர் உரையுடன் சாமிநாதையரின் சிந்தாமணிப் பதிப்பு 1887இல் வந்தது.

அந்தக் கேள்வியே எழுபத்தேழு ஆண்டுகள் கழித்து ஒரு நூலின் தலைப்பாயிற்று. விமர்சகர் க.நா.சுப்ரமண்யத்தின் ‘படித்திருக்கிறீர்களா?’ 1957இல் வெளிவந்தது. இராமசாமி முதலியார் ஒருவரிடம் கேட்டதை க.நா.சு. முகம் தெரியாத வாசகர் அனைவரிடமும் கேட்டார். அவர் தந்த பட்டியல்கள் சண்டையையும் கிளப்பின; ஏன் நல்ல நூல் என்று விரித்து நிறுவாமல் தம் ரசனையையே சான்றாக வைத்தார் என்பது நியாயமான குறை. ஆனால் பரிந்துரைத்ததைக் கையில் கொடுக்கும் பொறுப்பையும் அவர் ஏற்றார். பேர் லாகர்குவிஸ்டின் ‘பாரபாஸ்’ அவர் மொழிபெயர்ப்பில் ‘அன்பு வழி’ ஆனது; நட் ஹாம்சனின் நாவல் ‘நிலவளம்’ ஆனது. முதலியார் பிரதி கொடுத்ததற்கு இது நேர் வாரிசு.

‘பொய்த்தேவு’ எழுதிய நாவலாசிரியர் க.நா.சு. 1986இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்ததோ ‘இலக்கியத்துக்கு ஓர் இயக்கம்’ என்ற விமர்சன நூலுக்கு.