அந்த நாள் (1954)

‘அந்த நாள்’ ஏ.வி.எம். தயாரிப்பில் எஸ். பாலசந்தர் இயக்கி, 1954 ஏப்ரல் 13 அன்று தமிழ்ப் புத்தாண்டையொட்டி வெளிவந்த துப்பறியும் படம். பாட்டு, நடனம், சண்டை மூன்றும் இல்லாத முதல் தமிழ்ப் பேசும்படம் இது. எடுத்தவரோ, பின்னாளில் ‘வீணை’ பாலசந்தர் என்றே பெயர்பெற்ற இசைக்கலைஞர். அகிரா குரோசாவாவின் ‘ராஷோமோன்’ (1950) தந்த தூண்டுதலில் பிறந்த கதைக்கு ஜாவர் சீதாராமன் திரைக்கதையும் வசனமும் எழுதினார். துப்பறியும் அதிகாரி சிவானந்தமாக நடித்தவரும் அவரே. விமர்சகர்கள் பாராட்டினர், இரண்டாம் தேசியத் திரைப்பட விருதுகளில் தகுதிச் சான்றிதழும் கிடைத்தது. ஆனால் வசூலில் படம் தோற்றது. பாட்டு இல்லாததால்தான் ஓடவில்லை என்பது இன்றுவரை சொல்லப்படும் காரணம். அதில் பாதிதான் உண்மை.

ஜப்பானியர் சென்னை மீது குண்டு வீசிய 1943 அக்டோபர் நாட்களே கதைக்களம். படம் தொடங்கியதுமே துப்பாக்கி வெடிக்கிறது. வானொலிப் பொறியாளர் ராஜன் செத்து விழுகிறான். பக்கத்து வீட்டுச் சின்னையா காவல் நிலையத்துக்கு ஓடுகிறார். ராஜனாக நடித்தவர் சிவாஜி கணேசன். ‘பராசக்தி’யில் அவர் ஏற்ற குணசேகரனைக் கொண்டாடி இரண்டாண்டுகூட ஆகாத கூட்டம், கதாநாயகனை முதல் காட்சியிலேயே பிணமாகப் பார்த்தது. பிறகு தம்பி, தம்பி மனைவி, ஆசைநாயகி என்று ஒவ்வொருவர் வாக்குமூலத்திலும் அவன் மதிப்பு சரிந்துகொண்டே போகிறது. தன் கண்டுபிடிப்பை நாடு மதிக்கவில்லை என்ற கசப்பில் ஜப்பானுக்கு உளவு சொன்னவன் அவன் என்பதும், மனைவி உஷாவின் (பண்டரிபாய்) கைத்துப்பாக்கி வெடித்தே இறந்தான் என்பதும் கடைசியில் தெரிகின்றன. ரசிகன் மனம் ஒட்டிக்கொள்ள ஆளே இல்லை. அன்றைய படங்களில் அந்த ஒட்டுதலை உண்டாக்கியது பாட்டு. பாத்திரத்தின் உள்மனம் ரசிகனிடம் நேராகப் பேசியது அங்கேதான். வழக்கமான விளக்கத்தில் உள்ள உண்மை இவ்வளவே.

பாட்டோடு வந்திருந்தால் தப்பியிருக்குமே என்று கேட்கலாம். அதே ஆண்டில் வந்த ‘கூண்டுக்கிளி’யில் பாட்டும் இருந்தது, எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்தே இருந்தனர். அதில் நண்பன் மனைவிமீது ஆசைப்படுபவராக சிவாஜி வந்தார், படம் ஓடவில்லை. இரு நடிகர்களின் ரசிகர் போட்டிதான் அதைக் கவிழ்த்தது என்பார் உண்டு. அதை ஒப்புக்கொண்டாலும், பாட்டு மட்டும் ஒரு படத்தைக் கரைசேர்க்காது என்பது தெளிவாகிறது. அதே 1954-இல் வெளிவந்து, குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற ‘மலைக்கள்ள’னிலும் நாயகன் சட்டத்துக்கு வெளியே நிற்பவன்தான், ஆனால் அவன் ஏழைகள் பக்கம் நின்றான், கூட்டம் திரண்டது. ஆக, குற்றம் செய்பவனையும் ரசிகர்கள் ஏற்றார்கள். ஏற்க மறுத்தது, தங்கள் பக்கம் நிற்காத நாயகனை.

ரசிகன் மனம் ஒட்டிக்கொள்ள ஏதாவது வேண்டும் என்பதைப் பாலசந்தர் உணர்ந்திருந்தார் என்றே அவருடைய பிந்தைய படங்கள் காட்டுகின்றன. மர்மக் கதையை அவர் விடவில்லை. ஆனால் ‘பொம்மை’யில் (1964) பாட்டும் இருந்தது. பாடகர் யேசுதாஸ் தமிழ்த் திரைக்கு முதன்முதலில் பாடியது அந்தப் படத்துக்காகத்தான்.