பனையேறிகளும் ஃபோர்ட்ரானும்

திசையன்விளையைச் சுற்றியுள்ள தேரிக்காடுகளில் பதனீர்க் காலத்தில் விடியுமுன்பே வேலை தொடங்கிவிடும். நூறு பனைகளுக்குப் பத்துப் பனையேறிகள் என்றால் ஆளுக்குப் பத்து மரம். ஒருவர் இறங்கட்டும் என்று இன்னொருவர் காத்திருப்பதில்லை. ஆனால் ஒரு மரத்தின் பாளையை நேற்றுச் சீவிய இடத்திலிருந்துதான் இன்று சீவ முடியும். ஏழு நாள் சீவலை ஏழு பேர் சேர்ந்து ஒரே காலையில் முடித்துவிட இயலாது. மரத்துக்கு மரம் சார்பில்லை. நாளுக்கு நாள் உண்டு.

அறிவியல் கணக்கீடுகளுக்கான கம்பைலர்களின் வரலாற்றில் பெரும்பகுதி, இந்த வேறுபாட்டை இயந்திரமே கண்டுகொள்ளச் செய்யும் முயற்சிதான். ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழுவினர் 1957-இல் வெளியிட்ட ஃபோர்ட்ரான், விஞ்ஞானி எழுதும் சூத்திரத்தை இயந்திர மொழிக்கு மாற்றித் தந்தது. அதன் உயிர்நாடி 'டூ' என்னும் சுழற்சிக் கட்டளை. ஒன்றிலிருந்து நூறுவரை வரிசையாகச் செய் என்பது அதன் பொருள். அந்த வரிசை உண்மையிலேயே தேவையா, எழுதும் வசதிக்காக வந்ததா? பல செயலிகள் கொண்ட கணினிகள் வந்தபோது இக்கேள்வி தவிர்க்க முடியாததாயிற்று. லெஸ்லி லாம்போர்ட் 1974-இல் இத்தகைய சுழற்சிகளை இணையாக இயக்குவதற்கான கணித வழியை எழுதினார். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டேவிட் கக்கின் குழுவில் பணியாற்றிய உத்பல் பானர்ஜி, சார்பைச் சோதிக்கும் முறையொன்றை வகுத்தார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

இந்தியாவில் இக்கேள்வி வேறொரு நெருக்கடியோடு வந்தது. 1980-களில் இந்திய அறிவியல் கழகத்துக்காகக் கேட்கப்பட்ட பெரிய கிரே கணினியை அமெரிக்கா தர மறுத்தது. திறன் குறைந்த ஒன்றை வானிலைக் கணிப்புக்கு மட்டும் தர இசைந்தது. பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகம் 1986-இலேயே ஃப்ளோசால்வர் என்னும் இணைக் கணினியை உருவாக்கியிருந்தது. 1988-இல் புனேயில் தொடங்கப்பட்ட சி-டாக், 1991-இல் பரம் 8000-ஐ அளித்தது. சிறு செயலிகள் பலவற்றைக் கோத்து இயந்திரம் செய்துவிட்டோம். ஆனால் வேலையைப் பங்கிடுவது, எந்தத் தரவு எந்தச் செயலியிடம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது, இடையே செய்தி அனுப்புவது எல்லாம் நிரலாளரின் தலையில் விழுந்தன. தில்லியில் கிரே கணினியில் ஓடிய டி-80 வானிலை நிரல் ஃப்ளோசால்வரிலும் ஓடியதற்குப் பின்னால் இருப்பது அத்தகைய மனித உழைப்பு.

அச்சுமையைக் குறைக்கும் நோக்குடன் 1993-இல் வந்த ஹை பெர்ஃபாமன்ஸ் ஃபோர்ட்ரான் நிலைக்கவில்லை. 1997-இல் வந்த ஓப்பன்எம்பி எளிய உடன்பாட்டைச் செய்துகொண்டது: இந்தச் சுழற்சியைப் பிரிக்கலாம் என்று நிரலாளர் குறித்தால் கம்பைலர் பிரித்துவிடும். குறிப்பு தவறென்றால் விடையும் தவறாகலாம். கம்பைலர் மறுத்துப் பேசாது.

சார்பைத் தானே ஆராயும் மரபும் தொடர்ந்தது. பிரான்சில் பால் ஃபோத்ரியே 1990-களின் தொடக்கத்தில், சுழற்சிகளைப் பலமுகத் திண்மங்களாகக் கருதி ஆராயும் கோட்பாட்டை வளர்த்தார். அதை நடைமுறைக் கருவியாக்கிய ப்ளூட்டோ பற்றிய கட்டுரை 2008-இல் வெளியாயிற்று. உதய் பொந்துகுலா, ஹார்டோனோ, ராமானுஜம், சதயப்பன் ஆகிய நால்வர் எழுதியது. இவர்களில் ஹார்டோனோ தவிர்த்த மூவரும் சென்னை ஐஐடியில் பயின்றவர்கள். இயந்திரம் மறுக்கப்பட்ட நாட்டின் மாணவர்கள், எந்த இயந்திரத்துக்கும் பயன்படும் முறையொன்றில் தம் பெயரைப் பதித்தார்கள்.

ஆயினும் எல்லை இருக்கிறது. எந்தெந்த மரத்தில் ஏற வேண்டும் என்பது காலையில்தான் கைக்கு வரும் ஒரு சீட்டில் இருக்கிறது என்று கொள்வோம். ஒரே மரம் அதில் இருமுறை எழுதப்பட்டிருக்கலாம். சீட்டைப் பாராத கம்பைலர் இரண்டு பேரை ஒரே பனையில் ஏற்றும் துணிவைக் கொள்ளாது. பழையபடி ஒவ்வொன்றாகவே செய்யும். ஐம்பது ஆண்டுகள் முயன்றும் தானியங்கி முறை முழுமை பெறாததற்கு இந்தத் தயக்கம் ஒரு முக்கியக் காரணம். நான் அதைக் குறையென்று சொல்லமாட்டேன். வேகமாகக் கிடைக்கும் தவறான வானிலைக் கணிப்பால் யாருக்குப் பயன்? ஐயம் வந்தால் நிற்கத் தெரிந்த கருவியை நம்பலாம். ஐயத்தைத் தீர்க்கும் பொறுப்பு, சீட்டை எழுதியவருக்கே உரியது.